பன்னிரண்டு பேர் பட்டியல்

குடும்பத்தோடு வேனில் மைசூர் போய்வரலாம் என்ற யோசனை என்னுடையது. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் இப்போது எங்கள் வீட்டில் ஆளுக்கு ஒரு விதமாகச் சொல்கிறார்கள். அப்பாவுக்குத் தோன்றியது என்கிறான் தம்பி. சித்தப்பாதான் பிடிவாதமாகக் கூட்டிப்போனார் என்கிறார் சித்தி. இல்லை. எனக்கு அப்போது பத்தொன்பது வயது. தருமபுரியில் கல்லூரி இரண்டாம் வருடம் முடித்து மே மாத விடுமுறைக்கு வந்திருந்தேன். பாலக்கோட்டுக்குப் பக்கத்தில் எங்கள் ஊர். காலையில் கண் விழித்தால் தக்காளிச் செடி, சாயங்காலமும் அதே தக்காளிச் செடி. யோசனை எனக்கு வராமல் வேறு யாருக்கு வரும்?

யோசனை வருவது பெரிதில்லை, அப்பாவைச் சரிக்கட்டுவதுதான் பெரிது. அவரிடம் அரண்மனை, மிருகக்காட்சிசாலை, கலர் விளக்குத் தண்ணீர் என்றெல்லாம் பேசினால் எழுந்து மாட்டைப் பார்க்கப் போய்விடுவார். அதனால் அங்கே இரட்டைக் கோபுரம் வைத்த பெரிய தேவாலயம் இருக்கிறது, ஞாயிற்றுக்கிழமைப் பூசையை அங்கேயே பார்க்கலாம் என்று ஆரம்பித்தேன். எங்கள் கோயில் ஓட்டுக் கூரைக் கோயில். அப்பா வெற்றிலையை மெல்வதை நிறுத்தினார்.

"பூசைக்குப் போறது சரி. பறிப்பு யாரு பாக்கறது?"

அதற்கும் பதில் வைத்திருந்தேன். அந்த மாதம் நான்கு நாளைக்கு ஒரு பறிப்பு. வெள்ளிக்கிழமை பறித்து மண்டிக்கு அனுப்பிவிட்டால் அடுத்தது செவ்வாய்தான். நடுவில் சனி, ஞாயிறு, திங்கள். கரண்டு வரும் நேரத்துக்கு மோட்டார் போட, மாட்டுக்குத் தண்ணீர் காட்ட, பக்கத்து வீட்டு அக்காவிடம் முன்னாலேயே பேசிவிட்டிருந்தேன். அப்பா காலண்டரை எடுத்து விரல் வைத்துப் பார்த்தார். வைத்த விரல் சனிக்கிழமை மேல் கொஞ்ச நேரம் நின்றது. அவ்வளவுதான், எனக்கு இரவு தூக்கம் போயிற்று.

வேன் சித்தப்பாவுடையது. கல்யாணம், காதுகுத்து, ஆஸ்பத்திரி என்று சுற்று ஊர்களுக்கெல்லாம் வாடகைக்கு ஓட்டுவார். நாற்பது பக்க நோட்டு ஒன்றை வாங்கி, அட்லஸின் மேல் எண்ணெய்த் தாளை வைத்து வழியை வரைந்து முதல் பக்கத்தில் ஒட்டினேன். அட்லஸில் இல்லாததை மண்டியில் கேட்டேன். பெங்களூருக்கு லோடு அடிக்கும் டிரைவர்கள் அங்கே டீ குடித்துக்கொண்டு நிற்பார்கள்.

"அண்ணா, ராயக்கோட்டையிலிருந்து ஓசூருக்கு எவ்வளவு நேரம் ஆகும்ணா?"

"லோடோடயா, காலியாவா?"

"குடும்பத்தோட."

டிரைவர் சிரித்தார். "குடும்பம்னா லோடு வண்டியவிட மெதுவாத்தான் போவும் பாப்பா. ஒண்ணு வாந்தி எடுக்கும், ஒண்ணு ஒண்ணுக்குப் போவும்."

அதையும் எழுதிக்கொண்டேன். எந்தக் கடையில் இட்லி சூடாக இருக்கும், எந்தப் புளியமரத்தடியில் வண்டியை நிழலில் நிறுத்தலாம், எங்கே பெண்கள் இறங்க மறைவு இருக்கும், எல்லாம். மாவட்டம் பிரியாத காலம் அது; எங்கள் மாவட்டம் ஓசூர் வரை நீண்டிருந்ததால், அத்திப்பள்ளி செக்போஸ்ட்டைத் தாண்டினால் மாவட்டமும் முடிந்தது, மாநிலமும் முடிந்தது. அங்கே வேனுக்குத் தனி பர்மிட் வேண்டும். டிரைவர் போகப் பன்னிரண்டு பேருக்கு மேல் ஏற்றக் கூடாது. ஏறுகிறவர்களின் பெயர்ப்பட்டியலை முன்கூட்டியே ஆபீசில் கொடுத்து முத்திரை வாங்க வேண்டும். செக்போஸ்ட்டில் தலையை எண்ணுவார்கள்.

பட்டியலை நான்தான் எழுதினேன். எங்கள் வீட்டில் நாலு பேர், சித்தியும் மூன்று பிள்ளைகளுமாக நாலு பேர், அரூரில் கட்டிக்கொடுத்த அக்காவும் மாமாவும். பத்து. அப்பா, அம்மா, மூன்றாவது நான். சாயங்காலம் வாடகை முடித்து வந்து சித்தப்பா வேனைக் கழுவும்போது நான் பக்கத்தில் நின்று நோட்டைப் படிப்பேன். அவர் ஈரத்துணியைப் பிழிந்துகொண்டே கேட்பார். ஒருநாள் சொன்னார்.

"இவ்வளவு தெரிஞ்சவள பின் சீட்டுல வெச்சா நான் எங்கயாவது கோலார் போய்ச் சேருவன். முன் சீட்டு உனக்குத்தான் பாப்பா. நீ சொல்லு, நான் ஓட்டறன்."

"சத்தியமா?"

"மாதா சத்தியமா."

எங்கள் பக்கம் ஒரு வழக்கம். வீட்டோடு வெளியூர் கிளம்பினால் சம்பந்தி வீட்டுக்குச் சொல்லாமல் போகக் கூடாது. சொல்வது என்றால், நீங்களும் வாருங்கள் என்று நேரில் போய் அழைப்பது. அவர்கள் வேலை கிடக்கிறது, நீங்கள் போய்வாருங்கள் என்பார்கள். அழைத்த மரியாதை அழைத்தவருக்கு, மறுத்த பெருந்தன்மை மறுத்தவருக்கு. காபி ஆறுவதற்குள் முடிந்துவிடும். அக்காவுக்குக் கல்யாணமாகி எட்டு மாதம்தான் ஆகியிருந்தது, அதனால் தவறவே கூடாது. அப்பாவுக்கு வயலில் வேலை, அம்மாவுக்கு முழங்கால் வலி. கிளம்புவதற்கு முந்தைய ஞாயிறு, பூசை முடிந்ததும் என்னை அரூர் பஸ்ஸில் ஏற்றிவிட்டார்கள்.

அம்மா பஸ் ஜன்னலைப் பிடித்துக்கொண்டு சொன்னது இது: "கூப்புடு. அவங்க வரலம்பாங்க. ஒரு தடவ வற்புறுத்து. ரெண்டாந் தடவ வற்புறுத்தாத. புரிஞ்சுதா?"

புரிந்தது. ஆனால் நோட்டு பையில் இருந்தது.

அக்காவின் மாமியார் முறைப்படிதான் மறுத்தார். "எங்க கண்ணு, இந்த இடுப்ப வெச்சிக்கிட்டு அவ்வளவு தூரம் உக்காந்து வர முடியுமா?"

எனக்கு அது மறுப்பாகக் கேட்கவில்லை, கேள்வியாகக் கேட்டது. கேள்விக்கு என்னிடம் பதில் இருந்தது. "முடியும் அத்தை! தொடர்ந்து ஒன்றரை மணி நேரத்துக்கு மேல உக்கார மாட்டோம். பாருங்க, இங்க ஒரு ஸ்டாப், இங்க ஒரு ஸ்டாப்" என்று நோட்டை விரித்துவிட்டேன். அக்கா சமையல்கட்டு வாசலில் நின்று கண்ணை உருட்டினாள். நான் பார்த்தேன், நிறுத்தவில்லை. தேவாலயத்தைச் சொன்னேன், சாயங்காலம் கலர் கலராக எழும்பும் தண்ணீரைச் சொன்னேன். விடுமுறைக்கு வந்திருந்த மாமியாரின் தங்கை எழுந்து வந்து என் தோளுக்கு மேல் எட்டிப்பார்த்தார்.

"ஏங்க்கா, புள்ள இவ்வளவு ஆசையா கூப்புடுது. நாம ஒரு எட்டு போய்ட்டு வந்தா என்னாக்கா?"

மாமனார் பேப்பரை மடித்தார். "நானும் மைசூர் பாத்ததில்ல."

மூன்று பேர். நான் வெற்றியோடு ஊருக்குப் பஸ் ஏறினேன். அதுதான் வெட்கக்கேடு, பாதி வழியில்தான் பத்தும் மூன்றும் எவ்வளவு என்று உறைத்தது.

அம்மா தலையில் கை வைத்தாள். "நோட்டக் காட்டச் சொல்லி யாருடி உன்னை அனுப்புனது?" அப்பா துண்டை உதறித் தோளில் போட்டார். நான் நேரே சித்தப்பாவிடம் ஓடினேன். அவர் கலங்கவில்லை. "சின்னதுக்கு அஞ்சு வயசுதான. சித்தி மடியில உக்காந்துக்கும். அதுக்குப் பேரே போட வேணாம். செவ்வாக்கிழம பர்மிட்டுக்குப் போறப்ப ஆபீசுல பேசிக்கறன். நீ போய் நோட்ட முடி."

செவ்வாய் சாயங்காலம் அவர் தருமபுரியிலிருந்து வந்ததும் கேட்டேன். "ஆச்சா சித்தப்பா?"

"ஆச்சு பாப்பா" என்றார். வேனின் அடியில் படுத்து எதையோ முடுக்கிக்கொண்டிருந்தார். முகம் தெரியவில்லை.

புதன், வியாழன், வெள்ளி மூன்று நாளும் நான் தரையில் நடக்கவில்லை. கல்லூரி விடுதியில் ஒரு தோழியிடம் கற்ற கன்னடத்தைத் தமிழ் எழுத்தில் பட்டியல் போட்டேன். எடக்கே என்றால் இடப்பக்கம், பலக்கே என்றால் வலப்பக்கம். சித்தப்பாவை உட்காரவைத்து ஒப்பிக்கச் சொன்னேன். "எதுக்குடா இதெல்லாம், நீதான் வர்றியே" என்று அவர் சொல்லவில்லை. ஒரு பிள்ளையைப் போல உட்கார்ந்து, "எடக்கே... பலக்கே..." என்று படித்தார். அதை நான் கவனித்திருக்க வேண்டும்.

அம்மாவோடு உட்கார்ந்து இரண்டு டின் முறுக்கு சுட்டேன். புளிசாதத்துக்குப் புளிக்காய்ச்சல் கிளறினேன். அத்தையின் இடுப்புக்கென்று பழைய புடவையை மடித்து ஒரு மெத்தை தைத்தேன். தைக்கும்போது அம்மா சொன்னாள், "இன்னும் கொஞ்சம் பஞ்சு வையி." குரலில் ஒரு மாற்றமும் இல்லை.

சம்பந்தி வீட்டார் வெள்ளி மாலையே வந்துவிட்டார்கள். சனி விடியற்காலையில் நான் எல்லோருக்கும் முன்னால் குளித்து, புதுத் தாவணி கட்டி, முன் சீட்டில் ஏறி உட்கார்ந்துவிட்டேன். பையெல்லாம் ஏற்றினார்கள். அப்பா வந்து கதவருகில் நின்றார்.

"எறங்கு பாப்பா, செபம் சொல்லிக் கெளம்பணும்."

இறங்கினேன். வேனைச் சுற்றி நின்று செபம் சொன்னோம். ஆமென் என்றதும் ஒவ்வொருவராக ஏறினார்கள். நான் முன்பக்கம் போனேன். அங்கே அக்காவின் மாமனார் உட்கார்ந்திருந்தார், மடியில் துண்டு, முகத்தில் சந்தோஷம். சரி, பெரியவர், நான் பின்னால் இருந்து வழி சொல்கிறேன் என்று நினைத்தேன். பர்மிட்டாவது என் கையில் இருக்கட்டும் என்று ஸ்டியரிங் பக்கம் செருகியிருந்த காகிதத்தை எடுத்தேன்.

என் பட்டியல் இல்லை அது. சித்தப்பாவின் கோணல் எழுத்தில் புதிதாக எழுதியிருந்தது, மேலே முத்திரை. ஒன்று அப்பா. இரண்டு அம்மா. மூன்றாவதாக அக்கா மாமியாரின் தங்கை பெயர். கீழே வரை படித்தேன். கடைசிப் பெயர் சித்தியின் சின்னப் பெண், வயது ஐந்து என்று எழுதியிருந்தது. திரும்ப மேலிருந்து படித்தேன். பன்னிரண்டு பெயர். என் பெயர் இல்லை.

சித்தப்பா என் கையைப் பிடித்து வேனின் பின்பக்கம் கூட்டிப்போனார். "மடியில உக்காந்தாலும் தல தலதான்னுட்டாங்க பாப்பா, ஆபீசுல."

"எப்ப?"

"அது... நேத்து."

முத்திரையில் செவ்வாய்க்கிழமைத் தேதி இருந்தது. நான் படித்துவிட்டிருந்தேன். அவரும் நான் படித்ததைப் பார்த்துவிட்டிருந்தார். இருந்தும் நேற்று என்றார்.

அழவில்லை; எனக்கு உடனே வேறு வழி தோன்றிவிட்டது. "சித்தப்பா, செக்போஸ்ட்டுக்குக் கொஞ்சம் முன்னாடி என்ன எறக்கி விட்டுடுங்க. நான் ஓரமா நடந்து அந்தப் பக்கம் வந்துடறன். அங்க ஏத்திக்கங்க. மண்டி டிரைவருங்க அப்படித்தான் பண்றாங்களாம். பத்து நிமிஷம்கூட ஆகாது."

"சம்பந்தி முன்னால, வயசுப் பொண்ண ரோட்டுல எறக்கி விட்டுட்டு... அண்ணன் என்ன வெட்டிப் போட்டுடுவாரு பாப்பா."

"அப்பாகிட்ட நான் கேக்கறன்."

கேட்க வேண்டியிருக்கவில்லை. அதற்குள் உள்ளேயிருந்து அக்காவின் மாமியார் குரல் வந்தது. "என்னாங்க, சின்னவ இன்னும் ஏறலியே?"

அப்பா என்னைப் பார்க்காமல் சொன்னார். "அவ வரலைங்க. படிக்கறது இருக்குதாம். நாங்க எவ்வளவோ சொன்னோம், அவளேதான் வரலன்னுட்டா."

"அடடே! இவதான அன்னைக்கு வந்து அவ்வளவு ஆசையா கூப்புட்டா?"

"இந்தக் காலத்துப் புள்ளைங்க, நிமிஷத்துக்கு ஒரு புத்தி" என்று அப்பா சிரித்தார். உள்ளே எல்லோரும் சிரித்தார்கள். தம்பியும் சிரித்தான். அக்கா மட்டும் கைக்குட்டையை மடித்துப் பிரித்துக்கொண்டிருந்தாள். நான் ஒரு வார்த்தை பேசியிருந்தால் அப்பா பொய்யர் ஆகியிருப்பார், அக்கா அந்த வீட்டில் எட்டு மாதம் சேர்த்துவைத்த மரியாதை அங்கேயே கொட்டியிருக்கும். எல்லோருக்கும் அது தெரியும். நான் பேச மாட்டேன் என்பதை நம்பித்தான் அவர் அந்தப் பொய்யைச் சொன்னார்.

சித்தப்பா மெதுவாகக் கை நீட்டினார். "நோட்டு, பாப்பா."

கொடுத்தேன். ஏன் கொடுத்தேன் என்று பலமுறை என்னையே கேட்டிருக்கிறேன். மாட்டுத் தொட்டியில் போட்டிருக்கலாம்.

அவர்கள் போன பிறகு அந்த நோட்டு என் தலைக்குள் ஓடியதுதான் தாங்க முடியாததாக இருந்தது. மாட்டுக்குத் தண்ணீர் காட்டும்போது அவர்கள் ராயக்கோட்டை தாண்டுகிறார்கள். மோட்டார் போட்டு வாய்க்காலைத் திருப்பும்போது ஓசூர், இட்லி. மதியம் நான் தயிர்சாதம் தின்னும்போது புளியமரத்தடி, என் புளிசாதம். யாரும் எனக்குச் சொல்லத் தேவையில்லை. அவர்கள் எங்கே இருக்கிறார்கள் என்பது அவர்களைவிட எனக்கு நன்றாகத் தெரிந்தது. வழியில் வண்டி நின்றுபோகட்டும் என்று ஒருமுறை நினைத்தேன். உடனே பயந்து சிலுவை போட்டுக்கொண்டேன்.

ஞாயிறு எங்கள் ஓட்டுக் கூரைக் கோயிலில் பூசை முடிந்து வரும்போது ஊரே கேட்டது. "என்னாம்மா, வூட்ல எல்லாரும் மைசூரு போயிட்டாங்களாமே? நீ போவலியா?"

"படிக்கறது இருக்குதுங்க" என்றேன். அப்பாவின் பொய்யை நான் ஊருக்கெல்லாம் என் வாயாலேயே சொல்லி முடித்தேன். ஏழு பேருக்காவது சொல்லியிருப்பேன். கடைசியில் கொஞ்சம் சரளமாகவே வந்தது.

திங்கள் சாயங்காலம் வந்து இறங்கினார்கள். ஒருவரும் வாந்தி எடுக்கவில்லை, ஒரு டயரும் பஞ்சராகவில்லை. எங்கேயாவது வழி தவறியிருப்பார்கள், நான் இல்லாமல் திண்டாடியிருப்பார்கள் என்று எனக்குள் ஒரு மூலை காத்துக்கொண்டிருந்தது. இல்லை. எல்லாம் நோட்டில் போட்டபடியே நடந்திருந்தது. அத்தை என் கன்னத்தைத் தொட்டு முத்தமிட்டார். "என்னமோ கண்ணு, உன் மெத்தைதான் என் இடுப்பக் காப்பாத்துச்சு." எனக்கென்று சந்தன சோப்பு ஒன்று வாங்கி வந்திருந்தார்கள். தம்பி தேவாலயத்தின் கோபுரத்தைக் கையால் அளந்து காட்டினான்.

சம்பந்தி வீட்டாரை அரூரில் விடச் சித்தப்பா கிளம்பிப்போன பிறகு, கிணற்றடியில் கால் கழுவிக்கொண்டிருந்த அம்மாவிடம் போனேன்.

"உனக்கு எப்பம்மா தெரியும்?"

அம்மா தண்ணீர் ஊற்றிக்கொண்டே இருந்தாள். பொய் சொல்லவில்லை, அதற்கு மட்டும் நன்றி. "செவ்வாக்கிழமையே. உங்க சித்தப்பன் வந்து சொன்னப்பவே. தம்பிய விட்டுட்டுப் போலாம்னாரு உங்கப்பா. அவன் ஊரக் கூட்டி அழுவான். நான் நின்னுக்கறன்னன். சம்பந்தி எதுக்கு வரலன்னு கேப்பாங்க, அது நல்லா இருக்காதுன்னாரு."

"அப்ப என்ன விட்டுடலாம்னு யாரு சொன்னா?"

சொம்பைக் கீழே வைத்தாள். "நாந்தான். நீ அழ மாட்ட. சொன்னா புரிஞ்சிக்குவ."

"எங்கிட்ட யாரு சொன்னீங்க? மூணு நாளு பக்கத்துல உக்காந்து முறுக்கு சுட்டேனே, நீ எங்க சொன்ன?"

அம்மா நிமிர்ந்து என்னைப் பார்த்தாள். கோபம்கூட இல்லை, களைப்புதான். "செவ்வாக்கிழம சொல்லியிருந்தா, நீ அந்த நோட்ட முடிச்சிருப்பியா?"

மறுநாள் விடிந்ததும் பறிப்பு. எல்லோருக்கும் முன்னால் கூடையை எடுத்துக்கொண்டு வயலுக்குப் போனேன். அம்மாவோடு வேலைக்கு வேண்டியதை மட்டும் பேசினேன். அப்பாவிடம் அதுவும் இல்லை. அவர் இரண்டு தடவை சாப்பிட்டியா என்று கேட்டார். எங்கள் வீட்டில் அவர் யாரையும் அப்படிக் கேட்பதில்லை.

சித்தப்பா நான்கு நாள் எங்கள் வீட்டுப் பக்கமே வரவில்லை. ஐந்தாவது நாள் சாயங்காலம் வந்து, வேனை நிறுத்தி, வழக்கம்போல வாளியில் தண்ணீர் எடுத்துக் கழுவ ஆரம்பித்தார். நான் தள்ளி, துணி மடித்துக்கொண்டிருந்தேன். அவர் கண்ணாடியைத் துடைத்தார். மீண்டும் அதே கண்ணாடியைத் துடைத்தார். மாதாவின் பெயரில் சத்தியம் செய்த மனிதர். முகத்துக்கு நேரே நேற்று என்று சொன்னவர். இனி வாழ்நாளில் இவரோடு பேசுவதில்லை என்று செவ்வாய்க்கிழமை தக்காளிக் கூடை மேல் அடித்துச் சொல்லியிருந்தேன்.

ஆனால் ஒரு விஷயம் எனக்குத் தெரியாமலே இருந்தது. மண்டியா தாண்டி ரோட்டில் வேலை நடக்கிறது என்று ஒரு டிரைவர் சொல்லியிருந்தார். இன்னொருவர் இல்லை என்றார். நோட்டில் அந்த இடத்தில் மட்டும் நேரம் போடாமல் காலியாக விட்டிருந்தேன். ஐந்து நாளாக அது உள்ளே அரித்துக்கொண்டிருந்தது.

"மண்டியாவுக்கு அப்புறம் ரோடு எப்படி இருந்துச்சு?" என்று கேட்டுவிட்டேன்.

சித்தப்பாவின் முகத்தில் அப்படி ஒரு வெளிச்சம். ஈரத்துணியை வாளியில் போட்டுவிட்டு என் பக்கம் வந்து குத்துக்காலிட்டு உட்கார்ந்தார். "அத ஏன் கேக்கற பாப்பா! ஒரு பக்கம் பூரா ஜல்லி கொட்டி வெச்சிருக்கான். நான் பலக்கே ஒடிக்கறன், எதிர்ல ஒரு கரும்பு வண்டி..." கையை வீசி வீசிச் சொன்னார். கரும்பு வண்டிக்காரன் கன்னடத்தில் திட்டியதை அபிநயித்தார். கோபம் தீர்ந்துவிட்டது, பாப்பா பழையபடி ஆகிவிட்டாள் என்று அவருக்கு நிச்சயமாகிவிட்டது. அன்று இரவு எங்கள் வீட்டிலும் அப்படித்தான் பேசிக்கொண்டார்கள்.

நான் ரோட்டைப் பற்றி மட்டும்தான் கேட்டேன்.